பத்துக்கும் குறைவு

எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார்
சர்வருக்கு வாடகை கொடுக்கும் மனிதர்.
தெரியாது என்றோம். நிஜமாகவே தெரியாது.
எடுத்துப் போனவர் யாரும் கையெழுத்துப் போடவில்லை,
கேட்கக் கூடாது என்பதுதானே
பதினாறு வருடமாய் எங்கள் பெருமை.
பிர்னோவில் அன்று காலை மைனஸ் நான்கு.
தெரியாது என்று எழுத
அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகவே நான்தான் எழுதினேன் அந்த நாற்பது வரியை.
வாரம் ஒரு முறை
புதுப்பிப்பு வாங்க வரும் கணினி
போகிற போக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும்.
பெயர் இல்லை. அடையாள எண் இல்லை.
எந்த நாடு, எந்த மொழி,
என்ன சிப், நிறுவி எத்தனை காலம்.
அவ்வளவுதான் என்றேன்.

யிண்ட்ரிஷ்கா கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
அவ்வளவுதானா?
நாற்பத்தோராவது வரியை நாளைக்கு யார் எழுதுவார்?

அவள் அப்பாவுக்கு ஏதோ பழைய போலீஸ் கோப்பு இருந்திருக்கும்
என்று நீங்கள் நினைக்கலாம்.
அப்படி எதுவும் இல்லை. பல் மருத்துவர் மகள்,
பிறந்ததே தொண்ணூற்று நான்கில்.
வாசலில் நின்று எண்ணுகிறவன்
முகம் பார்க்காமல் எண்ண முடியாது என்றாள்.
பார்த்ததை மறந்துவிடுவேன் என்கிறாய்,
நல்லது, நீ மறப்பாய்.
உன் நாற்காலிக்கு அடுத்து வருகிறவன்?

ஓலோமோட்ஸிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர் எழுதியிருந்தார்:
இதற்குப் பயந்துதானே
அங்கிருந்து உங்களிடம் ஓடி வந்தோம்.

ஏழுக்கு ஐந்து. வரி உள்ளே போனது.

முதல் மாதம் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை.
பிரேசிலில் அத்தனை ஆயிரம்!
மங்கோலியாவில் முந்நூறு!
பதினாறு வருடம் இருட்டில் பேசிக்கொண்டிருந்த அறையில்
யாரோ விளக்கைப் போட்ட மாதிரி,
நாற்காலிதோறும் ஆள்.

அட்டவணையின் அடியில்,
ஃபரோ தீவுகள்: ஒன்று.

ஃபரோயிய மொழி. பன்னிரண்டு வயதுச் சிப்.
நிறுவி ஆறு மாதத்துக்கு மேல்.
ஆயிரம் ஒரு எண்.
ஒன்று மட்டும் ஆள்.
ஆணா பெண்ணா தெரியாது,
திங்கட்கிழமைகளில் வருவார்.
காபியோடு முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன்.
வந்தாச்சு, என்று முனகிக்கொள்வேன்,
மாடி வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டதுபோல.

பிப்ரவரி மூன்றாம் வாரம்: பூஜ்யம்.

பழுதாகியிருக்கலாம்.
வேறு எதற்காவது மாறியிருக்கலாம்.
என் நாற்பது வரியைப் படித்துப் பார்த்து
அணைத்திருக்கலாம், அது அவர் உரிமை.
வானிலையைத் தேடினேன்: அங்கே புயல்.
படகுகளைத் தேடினேன்: ரத்து.
அந்தத் தீவுச் செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை
மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு
முதல் பெயரைப் படிக்கும்போதுதான்
விரல் கூசியது.

அக்கறைதான். சத்தியமாய் அக்கறைதான்.
வேவு பார்க்கிறவர்களும்
வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்களோ.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்.
என் மடிக்கணினியில் அந்த வரி
முதல் நாளிலிருந்தே அணைந்திருக்கிறது.
கணக்கெழுதியவன் கணக்கில் இல்லை.

மார்ச்சில் ஒரு திருத்தம் அனுப்பினேன்.
பத்துக்குக் கீழே எந்த எண்ணையும் காட்டாதே.
நாட்டையும் மொழியையும் சேர்த்துக் கேட்காதே.
யிண்ட்ரிஷ்கா ஒப்புதல் கொடுத்துவிட்டு
ஒரு குறிப்பும் வைத்தாள்:
காட்டாமல் இருப்பதும் வாங்காமல் இருப்பதும் ஒன்றல்ல.
அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.
இரண்டு வருட வாடகை வந்து சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை. டிராம் தாமதம். காபி ஆறிவிட்டது.
ஃபரோ தீவுகள்: பத்துக்கும் குறைவு.
ஒன்பதும் அதற்குள் அடங்கும், ஒன்றும் அடங்கும்,
ஒருவருமே இல்லாததும்.
நானே சாத்திய கதவு.
அதன்மேல் காதை வைத்துக்கொண்டு
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.