சட்டி வைத்த இடம்

இடியப்பச் சட்டியை இறக்கி
நேரே மேசையில் வைத்தவன் ஜெகரூபன்.
எடுத்தபோது
தேக்கின் நடுவில் பாலாடை மாதிரி
ஒரு வெள்ளை வட்டம்.

மேசை எங்களுடையதல்ல.
உவர்மலை வீட்டோடு வந்தது.
ஒப்பந்தத்தில் மூன்றாவது வரி:
பொலிஷ் போட்ட தேக்கு மேசை ஒன்று, பழுதில்லை.
தார்சீசியஸ் ஒஸ்லோவிலிருந்து
ஞாயிறு வருகிறார்.

பற்பசை தேய்த்தேன். அடுத்த நாள்
தேங்காயெண்ணெயும் சாம்பலும்.
வட்டம் மினுங்கியது, போகவில்லை.

மத்திய வீதி ஹார்ட்வெயாரில் பலீல்
நான் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்:
"வெள்ளையா, கறுப்பா?"
வெள்ளை.
"அப்பச் சரி. தண்ணி இன்னும் மரத்தைத் தொடல்ல,
பொலிஷுக்குள்ள நிண்டு முழிக்குது.
உள்ள விட்ட சூடுதான்
வெளிய கூப்பிடணும்."
கால் போத்தல் ஸ்பிரிட் தந்து
அதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னார்.

சனி இரவு.
பழைய சாரத்தில் கிழித்த துண்டை நாலாய் மடித்து
அயனைக் குறைந்த சூட்டில் வைத்து
ஐந்து எண்ணினேன். எடு. பார்.
ஐந்து. எடு. பார்.
கூடினால் பொலிஷ் கொப்பளிக்கும்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு விதச் சூடு;
வாளியைத் தலையில் ஊற்றுமுன்
புறங்கையில் தெளித்துப் பார்த்தது
விரலுக்கு ஞாபகம் வந்தது.
துணியில் வாசம் எழுந்தது, அரக்கும் மாவும்.
வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கி
கோப்பையளவாகி, காசளவாகி

கரண்ட் போனது.

அயனில் மிச்சமிருந்த சூட்டை வீணாக்காமல்
இருட்டிலேயே வைத்து எண்ணினேன்.
குடாவுக்கு அப்பால் மா ஆலை மட்டும்
தன் சொந்த வெளிச்சத்தில்.
அந்த மாதான். அதன் ஆவிதான்.

மூன்று நாளாய் என்னோடு பேசாதவன்
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான்.
ஒரு சிறு மங்கல் மட்டும்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால்
தொட்டும் தொடாமலும் ஒரே தடவல்.
"போயிட்டுது" என்றான்.

தார்சீசியஸ் வந்தார்.
சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார்,
கலண்டர் ஆணி போட்ட ஓட்டைக்கு
ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினார்.
மேசைப் பக்கம் திரும்பவேயில்லை.
பிளேன்ரீ கொடுத்தேன், தட்டோடுதான்.
தட்டை ஒதுக்கிவிட்டு
ஒஸ்லோப் பனியைப் பற்றிக் கதைத்தபடி
கோப்பையை நேரே வைத்தார்,
சரியாக அந்த இடத்தில்.

எடுத்தபோது
அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.
சட்டைக் கையால் ஒருதரம் துடைத்தார்.
இன்னொருதரம்.
பிறகு பேனையை எடுத்து
ஆயிரத்து ஐந்நூறை வெட்டினார்.

ஜெகரூபன் எழும்பி
அயனை எடுத்துவரப் போனான்.