கோதுமைக்காரன் அடுக்களை

சமையலறை ஜன்னலுக்கு வெளியே
ஆயிரத்து இருநூறு ஏக்கர் கோதுமை.
உள்ளே, இன்றிலிருந்து,
ஒரு மணி கூடாது.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில்
சஸ்கட்டூனிலிருந்து கடிதம் வந்தது.
பதினோரு வருடமாய் டார்க்காவைச்
சோகை, சோகை என்று
இரும்பு மாத்திரையால் அடித்தவர்கள்
கடைசியில் பிடித்த குற்றவாளி
நான் விதைத்தது.

"உன்மேல் கோபமில்லை, ஒரெஸ்ட்" என்றாள்.
சொல்லும்போது
டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து
முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள்,
புரையேறிய பிள்ளையைத் தட்டுவதுபோல.
தட்டத் தட்ட உதிர்ந்துகொண்டேயிருந்தது.

ரெஜைனாவிலிருந்து ரூத்தா வந்தாள்.
பால் தொடாத மகள், முட்டை தொடாத மகள்,
தேனைக்கூட "அது தேனீயுடையது" என்பவள்.
மூன்று வருடமாய் எங்கள் மேசையில்
வெந்த உருளைக்கிழங்கோடு விருந்தாளி.
இப்போது ஒட்டுத்தாளும் பேனாவுமாக
வீட்டுக்காரிபோல நுழைந்தாள்:
"ரெண்டையும் ஒரே வேலையா முடிச்சிடலாம்பா."

மரக்கரண்டிகள் முதலில் போயின.
பிறகு உருட்டுக்கட்டை, வெட்டுப்பலகை.
கீறலுக்குள் பழைய மாவு குடியிருக்குமாம்.
சல்லடைக்கு ஆயிரம் கண்,
ஒன்றின்மேலும் நம்பிக்கையில்லை.
வார்ப்பிரும்புச் சட்டியை மட்டும்
நெருப்பில் காய்ச்சிச்
சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.
வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம்
பக்கத்துப் பண்ணை வசிலுக்கு.
துக்கம் விசாரிக்கும் முகத்தோடு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

புதுப் புட்டிகள் வந்து வரிசை கட்டின.
பக்வீட்டின் வாலில் 'வீட்' இருப்பதைப் பார்த்து
டார்க்கா புட்டியைத் தள்ளி வைத்தாள்.
"பேர்லதாம்மா. ரத்தத்துல இல்ல."
வசிலின் ஓட்ஸுக்கு அனுமதியில்லை.
நல்லவன்தான்,
சகவாசம் சரியில்லை.
கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை
ரூத்தா அடித்து அடித்து
வெண்கருவாய் நுரைக்கவைத்தாள்.
வடித்துக் கொட்டும் தண்ணீருக்கு
இத்தனை கர்வம் இருந்திருக்கிறது.

முதல் ரொட்டி
கத்தியைப் பார்த்ததும் உதிர்ந்தது.

கோதுமையில் இருப்பது பசை.
மாவை மாவோடு பிடிப்பது அதுதான்.
இவள் குடலை அரித்ததும் அதுதான்.
முப்பது வருடம் விற்றிருக்கிறேன்,
எடைமேடையில் யாரும் இதைச் சொன்னதில்லை.
புரதம் கூடினால் விலை கூடும்,
அவ்வளவுதான் சொன்னார்கள்.
நானும் கூட்டினேன்.

இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கினால்
பின்வாசல் கொட்டகையில் உடுப்பைக் கழற்றி
குழாயடியில் நின்று
குளித்துவிட்டுத்தான் உள்ளே.
இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில்
வாசலுக்கு வெளியே துணி களையச் சொன்னது
இதுதான் முதல் தடவை என்றேன்.
சிரிக்காமல் துண்டை வீசினாள்.
என் ரொட்டியை
இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் தின்கிறேன்,
நாடு கடத்தப்பட்டவனாக,
நாலாபுறமும் சொந்த நாடு.

மீசையில் தூசி தங்கும் என்று
மருத்துவமனைத் தாளில் எழுதியிருக்கவில்லை.
நானாகத்தான் எடுத்தேன்.
டார்க்கா மேலுதட்டை வெகுநேரம் பார்த்தாள்,
யாரோ முகவரி தவறி வந்ததுபோல.
பிறகு கிட்டே வந்தாள்.

ஏழாவது ரொட்டிக்கு ரூத்தா
ஆளிவிதை வேண்டும் என்றாள்.
வடக்கு மூலையில் நாற்பது ஏக்கர் போட்டிருந்தேன்,
எண்ணெய் ஆலைக்கு;
வீட்டுக்குள் அது வந்ததேயில்லை.
பொடித்து மூன்று கரண்டி,
தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம்.
கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள்:
வழுவழுவென்று இழுபட்டது,
விட மாட்டேன் என்றது.

ரொட்டி நின்றது.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான்.
நடுவில் ஈரம், ஓரத்தில் கருகல்.
மூன்று பேரும் ஒரே ரொட்டியை
ஒரே கத்தியால் அறுத்தோம்.
கத்தி யாரையும் விசாரிக்கவில்லை.

"அடுத்த வருஷம் ஆளியை எண்பது ஏக்கராக்கலாமே"
என்றாள் டார்க்கா, வாய் நிறைய.
கோதுமை விலையைப் பார்த்துவிட்டுச்
சொல்கிறேன் என்றேன்.