பன்னிரண்டு வரை

வெறும் எண்ணை அர்ரே உள்ளே விடாது.
பத்தொன்பதை அப்படியே கொண்டுபோய் நீட்டினால்
கம்பைலர் சிவந்துபோகும்.
முன்னால் ஒரு @ போட்டு
பெட்டியில் வைத்துத் தந்தால் சரி.

தரமணியில் எங்கள் கட்டட வாசலும் அப்படித்தான்.
அடையாள அட்டையை வாஷிங் மெஷின் மேல்
விட்டுவந்த காலை,
ஆறு வருஷமாய் வணக்கம் சொல்லும் துலுக்காணம்
என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.
துண்டுச் சீட்டில் பத்தொன்பது என்று எழுதித் தந்தார்.

மேலே காத்திருந்தது
பள்ளிக்கரணைத் தண்ணீர் லாரிக் கணக்கு.
பழைய ஆப். எழுதியவர் இப்போது கனடாவில்.
லாரிக்காரர் தட்டும் லோடு எண்ணும்
குடியிருப்பில் பதிந்த எண்ணும் ஒன்றானால் பச்சை.
தணிகாசலத்தின் விரிசல் விட்ட பழைய போனில் மட்டும்
பன்னிரண்டாம் லோடு வரை பச்சை,
பதின்மூன்றிலிருந்து சிவப்பு.
"தண்ணி எறக்கிட்டேன் மேடம், சம்பு ரொம்பி வழியுது.
உங்க ஆப்புதான் வரலைங்குது."
என் போனில் நூறாவது லோடும் பச்சை.

மூன்று மணிவரை
தேதியைச் சந்தேகித்தேன், சர்வரை,
ஒரு நிமிஷம்
தணிகாசலத்தை.

டீ குடித்துத் திரும்பினால்
என் சீட்டு ஆணியில் குத்தியிருக்கிறது.
துலுக்காணம் இன்னொன்று எழுதுகிறார்,
மறுபடி பத்தொன்பது.
"அதையே குடுங்களேன்."
"அட்டன்னா அதையே குடுப்பேன்.
பன்னெண்டு அட்டதான் லேமினேட் பண்ணிக் குடுத்தாங்க.
அதுக்கு மேல ஒவ்வொரு தபாவும் புதுசுதான்."

லிஃப்டில் ஏறாமல் நின்றேன்.

சின்ன எண்களுக்கு
அந்தப் பழைய போன் முன்பே பெட்டி செய்து வைத்திருக்கிறது:
ஏழு என்றால் என்றும் அதே ஏழு.
பதின்மூன்றுக்குக் கேட்கும்தோறும் புதுப் பெட்டி.
புதுப் போன்களோ
முகவரியிலேயே எண்ணை எழுதிவிடுகின்றன,
தப்பு தெரியவே தெரியாது.
கனடாக்காரர் இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டது
உள்ளிருப்பது ஒன்றா என்றல்ல,
பெட்டி ஒன்றா என்று.

திருத்தம் ஒரே வரி.
தணிகாசலத்துக்கு மூன்று வரி மன்னிப்பு அடித்தேன்,
இரண்டை அழித்து அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

ஆறரைக்கு வாசலில்
இரண்டாவது பத்தொன்பதும் ஆணிக்குப் போனது.
"நாளைக்கு மறக்காம மாட்டிட்டு வாம்மா" என்றார் துலுக்காணம்,
"இல்லன்னா யாருன்னு எழுதுறது?"