படிவம் பன்னிரண்டு

முதல் கட்டம்: உரிமையாளர் பெயர்.
நகரம் என்று எழுதினேன்.
அடுத்தது முகவரி.
நான் உட்கார்ந்திருக்கும் இதே கட்டடம்,
மூன்றாம் மாடி, ஏ.சி. ஒழுகும் மூலை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பதினோரு வருடமாக
அடுத்தவர் சுவரில் குற்றம் காண்பது என் பிழைப்பு.
பாத்திரக்கடை ஹஃபீஸா மோத்தாலாவுக்கு
அறுபது நாள் கொடுத்தேன்.
நாற்பதாம் நாளே போன் செய்து
"பூச்சு வேலை முடிந்தது, வந்து பார்,
சாப்பிட்டுவிட்டுப் போ" என்றாள்.

இந்த வீடு ஓர்மண்ட் தெரு நாற்பத்தொன்று.
சிவப்புச் செங்கல், தகரக் கூரை.
தாழ்வாரத்து இரும்புப் பூவேலையில் பாதி
எடைக்குப் போய்விட்டது.
வாசலில் பித்தளைப் பலகை இருந்த இடத்தில்
நான்கு திருகாணித் துளைகள்.
பலகையில் இருந்தது கோப்பில் இருக்கிறது:
அச்சுக்காரர் மாசிலாமணி படையாச்சி,
பகலில் கல்யாணப் பத்திரிகை,
இரவில், பின்னறையில்,
கிடைத்தால் ஜெயில் என்கிற துண்டுப் பிரசுரம்.

அறுபத்தாறில் நகரம் அவருக்கு ஒரு கடிதம் போட்டது.
இந்தத் தெரு இனி வெள்ளையருக்கு.
முப்பது நாள்.
நகலைப் பார்த்தேன், தட்டச்சில் ஒரு பிழை இல்லை.
முப்பத்தோராம் நாள் காலை எட்டரைக்குச்
சாவி வாங்க ஆள் வந்திருக்கிறான்,
ரசீதும் கொடுத்திருக்கிறான்.
அப்படித்தான் இது பொதுச்சொத்து ஆனது.

எடுக்கச் சொன்ன சட்டத்துக்கு
அவ்வளவு வேகமாக ஓடிய நகரம்
காக்கச் சொல்லும் சட்டம் வந்து
கால் நூற்றாண்டாகச்
செருப்பு தேடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டமும் நீளமானதில்லை.
மரபுக் கட்டடத்தை வைத்திருக்கும் பொது அமைப்பு
அதைப் பராமரிக்க வேண்டும்.
வேண்டும்.
தமிழில் சொல்லிப் பார்த்தால்
கட்டளைக்கும் அதே சொல், ஆசைக்கும் அதே சொல்.
கோப்பில் எந்தப் பக்கத்திலும்
வேண்டாம் என்று எவரும் எழுதவில்லை.
நிதி இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்.
ஜூனுக்கு ஒரு கையெழுத்து,
கையெழுத்துக்கு ஒரு தகரம் பறந்தது.

உள்ளே போனேன்.
அச்சறைத் தரையில் இயந்திரத்தின் நான்கு கால் தடம்,
எண்ணெய் இறங்கி இன்னும் கறுப்பாக.
விட்டத்தில் திருப்புளியைச் செருகினால்
ரொட்டியில் போல இறங்குகிறது.
இடிக்க அனுமதி வேண்டும்,
இடிந்துபோக வேண்டாம்:
இதைச் சட்டப்புத்தகத்தில் நான் படிக்கவில்லை,
தலைக்கு மேலே வானம் தெரிந்தது.

பதிவேட்டு மேசையில் நொக்வாசி கேட்டாள்:
"பெறுநர்?"
"நாம்."
"அனுப்புநர்?"
"நாம்தான்."
அவள் சிரிக்கவில்லை.
அனுப்பப்பட்டது என்று ஒரு முத்திரை,
மை காய்வதற்குள்
பெறப்பட்டது என்று இன்னொன்று.

மூன்று வாரம் கழித்து
என் மேசைக்கே திரும்பி வந்தது அறிவிப்பு.
ஓரத்தில் பச்சை மையில்: ஆவன செய்க.

நவம்பரில் ஆலங்கட்டி விழுந்தது.
அறுபத்தோராம் நாள் விதிப்படி
அபராதம் போட்டிருக்கலாம்.
நகரம் நகரத்துக்குக் கட்டும்,
இடது பையிலிருந்து வலது பைக்கு.
அதற்குப் பதில்
ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பேரம் பேசி
நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கினேன்.
மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்,
"உன் வேலை போகும்" என்று சொல்லிக்கொண்டே
பிடித்துக்கொண்டான்.

மரபுக் கட்டடத்தில்
அனுமதியின்றிக் கைவைப்பது குற்றம்.
பிரிவு எண் எனக்கு மனப்பாடம்.
திங்கட்கிழமை புதுப் படிவம் எடுத்து
விதிமீறியவர் என்ற கட்டத்தில்
தேவகுஞ்சரி முத்தையன் என்று
என் பெயரைத் தெளிவாக எழுதினேன்.

இதற்கு மூன்றே நாளில் பதில்.
தார்ப்பாயை அகற்றுக. முப்பது நாள்.
தட்டச்சில் ஒரு பிழை இல்லை.

இன்று பதினெட்டு.
மதியத்திலிருந்து மழை.