ஒரு விரல் அகலம்

கண்ணாடிப் பாத்திரம் ஓவனுக்குள் நுழையவில்லை.
நீளவாக்கில் வைத்தேன், குறுக்கே வைத்தேன்,
சோபாவை மாடியேற்றுகிறவர்கள் போலச்
சாய்த்து, மூச்சைப் பிடித்து.
ஒரு விரல் அகலம் இடித்தது.
அதுவும் சுண்டுவிரல்.

சவரிராஜ் வாங்கி வந்தது.
கடலுக்குப் போவதற்கு முதல் நாள்,
பாதி விலை என்று, அளக்காமல்.
எண்ணெய் மேடையில் குழாய்களை
மில்லிமீட்டரில் அளக்கிற மனிதன்
வீட்டுக்கு என்றால் கண்ணால் அளப்பான்.

பாயான் லெப்பாஸ், பதினான்காம் மாடி.
டிசம்பர் இருபத்து நான்கு, மாலை நாலேகால்.
ஏழு மணிக்கு ஆட்கள் வருவார்கள்.
ஓவன் எனக்கு ஃபேக்டரி டின்னர் குலுக்கலில் விழுந்தது,
டிவிக்கு ஆசைப்பட்டு நின்றபோது.

காலையில் பசாரில் மண் ஒட்டிய கிழங்கு மூன்று கிலோ.
வெளியே எல்லாம் ஒரே சிவப்பு;
நகத்தால் கீறினால்தான்
எது மஞ்சள், எது ஊதா என்று தெரியும்.
கடைக்காரப் பையன் கீற விடவில்லை.
வேகவைத்து, உரித்து, மசித்தபோது
இரண்டும் சேர்ந்து
தூரிகை கழுவிய தண்ணீர் நிறம்.
பெர்னதெத் எட்டிப் பார்த்தாள்:
"சிமெண்டாம்மா?"

மேலே மார்ஷ்மெல்லோ அடுக்க வேண்டுமாம்.
கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
ஜெலட்டின். எந்த மிருகம் என்று எழுதவில்லை.
காக் ரொஹானி வருவார்.
ஹலால் முத்திரை போட்ட பாக்கெட்டும் இருந்தது,
அதில் மாடு.
புனிதவதி வருவாள், அவளுக்கு முட்டையே ஆகாது.
மேடம் கூவுக்கு வெண்ணெய் ஆகாது, வயிறு.
ஒருவருக்கும் ஆகாததை எல்லாம் எடுத்த பிறகு
மிஞ்சியது கிழங்கு, தேங்காய்ப்பால், உப்பு,
குலா மலாக்கா ஒரு கட்டி,
முடிச்சிட்ட பாண்டான் இலை.
மார்ஷ்மெல்லோ இடத்தில் வறுத்த தேங்காய்ப்பூ.

"கேசரோல்" என்று பெர்னதெத்
அட்டையில் எழுதி மேசையில் நிறுத்தினாள்.
நிறுத்த மேசை இருந்தது.
சுட வழியில்லை.

அலமாரியைத் திறந்து கோப்பைகளை இறக்கினேன்.
காப்பிக் கோப்பை ஆறு, ஆறும் ஆறு நிறம்.
"பத்தாண்டு சேவை" என்று பொறித்தது இரண்டு:
ஒன்று என்னுடையது,
ஒன்று கோமளா வேலையை விட்ட அன்று
என் மேசையில் விட்டுப் போனது.
எவர்சில்வர் டம்ளர் மூன்று.
பெர்னதெத் கஞ்சி குடித்த கிண்ணம்.
பன்னிரண்டு.
வருகிறவர்களோடு நாங்களும் சேர்ந்து பதினோரு பேர்.
எண்ணும்போது அவனையும் எண்ணியிருக்கிறேன்.

கெர்த்தேயில் மூன்று நாளாய்க் காற்று.
ஹெலிகாப்டர் எழும்பவில்லை.
காலையில் ஒரே ஒரு செய்தி அனுப்பினான்:
அலை நாலு புள்ளி இரண்டு மீட்டர்.
அதைச் சரியாக அளந்திருக்கிறான்.

ஒரு தடவைக்கு நாலு கோப்பை,
இருபது நிமிடம், மூன்று சுற்று.
இது எனக்குப் பழகிய கணக்கு.
பன்னிரண்டு வருஷமாய் ட்ரே ட்ரேயாகச்
சிப்புகளைச் சூடேற்றி
எது தாங்கும், எது தாங்காது என்று பார்க்கிறவள் நான்.
முதல் சுற்றில் இரண்டு ரிஜெக்ட்,
விளிம்பு கருகி
குலா மலாக்கா பொங்கி வழிந்து.
அவற்றை வீட்டு ஆட்களுக்கு என்று ஒதுக்கினேன்.

லிஃப்ட் இரண்டும் அன்றைக்குத்தான் படுத்தன.
பதினான்கு மாடி ஏறி வந்தவர்கள்
முதல் பத்து நிமிடம் தண்ணீர் மட்டும் கேட்டார்கள்.
புனிதவதி அட்டையைப் படித்து "கேசரியா?" என்றாள்,
"முட்டை இல்லையே?" என்று மூன்று முறை கேட்டாள்,
பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.
மேடம் கூ ஒன்றும் சொல்லவில்லை,
டம்ளரின் அடியைச் சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது.
காக் ரொஹானி கருகியதைத்தான் கேட்டு வாங்கினார்.
அதுதான் ருசியாம்.

பன்னிரண்டாவதை எடுத்து வைக்கத் திரும்பினேன்.
மேடம் கூவின் பேரன்
கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகம் புதைத்திருந்தான்.
வாயைத் திறந்தேன்.
மூடினேன்.

பத்தரைக்கு அழைப்பு வந்தது.
பாதி அவன் குரல், பாதி காற்று.
"பாத்திரம்... ஓவனுக்குள்ள... சரியா இருந்திச்சா?"

ஹாலில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது.
சுவரோரம், அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவில்,
வாளி நுழையாத சந்தில்
கண்ணாடிப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது,
சொட்டு விழும் இடத்தில்,
கால்வாசி நிறைந்து.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி" என்றேன்.