பச்சைத்தண்ணி

கானாடுகாத்தான் விலக்கு தாண்டியதும்
எஞ்சின் மூடிமேல் உலரப் போட்டிருந்த துண்டு
மறுபடி நனைந்துவிட்டது.
இறங்கிப் பார்த்தால் முகத்தில் ஆவி,
ரோட்டில் துரு நிறத்தில் ஒரு கோடு.
எங்கே தொடங்கியதோ, கண்ணுக்கெட்டவில்லை.

எண்பத்தொன்பது மாடல் மெட்டடார்.
பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியதை வாங்கி
கட்டில், அடுப்பு, கொசுவலை நான் வைத்தது.
பெயின்டுக்கு அடியில் இன்னும்
‘குழந்தைகள், மெதுவாக’ தெரியும்.
சொல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் போகும்.

நெல் டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்துவர
காரைக்குடியில் செவத்தியான் பட்டறை.
“வீடா வண்டியாக்கா இது?”
ரெண்டும், என்றேன்.
“அப்ப வீட்டைக் காலி பண்ணுங்க,
முன்னாடி பூரா பிரிக்கணும்.”
காலி பண்ணவில்லை. மூன்று ராத்திரி
ஜாக்கிமேல் சரிந்த கட்டிலில்
தலைமாட்டை மாற்றி மாற்றிப் படுத்தேன்.

பழைய ரேடியேட்டர் இறங்கியது.
பித்தளைத் தொட்டி, செம்புக் குழாய்,
ஈயம் வைத்த இடமெல்லாம் தழும்பு.
கவிழ்த்துத் தட்டினார்.
சுண்ணாம்பு, பொறைபொறையாக.
ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு
“தொண்டிப் பக்கம் போர்த்தண்ணி ஊத்துனீங்களா?”
ஊற்றினேன். ஒரு மே மாசம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்.
யாரிடமும் சொன்னதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த புதுசு
அலுமினியம், பிளாஸ்டிக் தலை,
பூனைக்குட்டி கனம்.
இரண்டு விரற்கடை அகலம் கூடுதல்.
செவத்தியான் திட்டவில்லை. டீ சொன்னார்.
குடித்து முடித்துத்
தாங்கு பட்டையை அறுத்தார்.

பழசை எடைக்குப் போட
முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் தூக்கிப்போனேன்.
நாலாவது கடையில்
பீங்கான் ஜாடிகளுக்கும்
யார் யாருடையவோ கல்யாணப் போட்டோக்களுக்கும் நடுவே
சாத்தப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
“எந்த வீட்டுச் சாமான்?”
என் வீட்டு, என்றேன். பொய்யில்லை.
கிலோ விலைக்குமேல் முந்நூறு கொடுத்தார்.
புளி போட்டுத் துலக்கி, பின்னால் பல்பு வைத்து
சுவரில் மாட்டினால் போய்விடுமாம்.

சாயங்காலம் புனல் வைத்து
பாசி நிறத்தில் எதையோ ஊற்றிக்கொண்டே
செவத்தியான் சொன்னார்:
“இனிமே பச்சைத்தண்ணி ஊத்தக் கூடாதுக்கா.”
ஊற்றுவதோ பச்சைப் பசேல்.
சிரித்தது நான் மட்டும்.
அவர் குமிழி அடங்குகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமயம் போகும்வரை
ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன்.
பாதியில் நின்றது, நின்றபடியே நின்றது.
கோட்டை தெரிந்ததும் கை பழக்கத்தில் ஓரங்கட்டி
சீட்டுக்குப் பின்னாலிருந்து கேனை எடுத்துவிட்டேன்.
பதினோரு வருஷமாக வண்டிக்கென்று சுமக்கும் தண்ணீர்.
வண்டி கேட்கவில்லை.
மூடியைத் திருகி
நானே குடித்தேன்.
லேசாக ரப்பர் வாசம்.