வெண்டர் எண் 417

எங்கள் ஷெட்டில் 'மேலே' என்றால் சாமி இல்லை,
ஏற்காடு.
விடிகாலை நாலரைக்கு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அழுக்கு மூட்டைகள் கோரிமேடு வந்து சேரும்.
வண்டி என்னுடையதல்ல,
அயோத்தியாப்பட்டணத்து ஆளுடையது. டிரிப் கணக்கு.

விரிப்புக்குப் பதினெட்டு ரூபாய். டவலுக்கு ஏழு.
தலையணை உறை நாலரை; அதை நாலாக்க
மூன்று முறை கூப்பிட்டுப் பேசினார்கள்,
ஒருமுறை காபி கொடுத்து.
ஒப்பந்தத்தில் நான் இரண்டாம் தரப்பு.
ஆறு மணிக்குமேல் எங்கள் வண்டி
விருந்தாளி கண்ணில் படக்கூடாது, பக்கம் ஒன்பது.

படாவிட்டால் என்ன,
அவர்களை எனக்குத் தெரியும்.
மருதாணி, ஆரஞ்சுச் சாறு, மூக்குப்பொடி.
போன வாரம் ஒரு விரிப்பு:
குழந்தை நனைத்த இடத்தை
யாரோ ஒரு தாய் ராத்திரியே சோப்புப் போட்டு அலசி
ஈரத்தை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.
அதற்கும் பதினெட்டுதான்.

பதினொரு டவல் குறைகிறதாம்.
ஒன்றுக்கு இருநூற்று நாற்பது பிடித்தம்.
போனில் கணக்குப் பிரிவு, ஜெனிட்டா என்றாள்.
பேச்சை மாற்ற, "மேலே பனி எப்படிம்மா?" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"அக்கா, நான் பீளமேட்ல இருக்கேன்.
நாங்களும் வெளி ஏஜென்சிதான்.
அந்த ரிசார்ட்டை நான் போட்டோல கூடப் பார்த்ததில்ல.
எங்களுக்கே ரெண்டு மாசம் பாக்கி."
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
லைனில் யாருடையதோ மின்விசிறிச் சத்தம்.
"உங்க பேரு என்னக்கா? இங்க நானூத்திப் பதினேழுன்னுதான் இருக்கு."
"மாதேஸ்வரி."
டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. எங்கே அடித்தாளோ.

மறுநாள் டிரைவர் சொன்னான்:
மேலே காவலுக்கு நிற்கும் பையன்கள்,
நாமக்கல் ஏஜென்சி ஆட்கள்,
கழுத்தைச் சுற்றி வெள்ளை டவல்.
ஸ்வெட்டர் ஒப்பந்தத்தில் இல்லையாம்.
எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
அவனாகவே சொன்னான்.

"பிடித்தத்துக்குச் சம்மதமா?" என்று
மெயில் வந்து கிடந்தது.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
பாய்லர்காரனின் ஒரு வாரக் கூலியில் பாதிக்கும் மேல்.
சம்மதம் என்று போட்டேன்.
போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்
இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன், கோபத்தில்.

இந்த மாத பில்லில்
தலையணை உறைக்கு நாலரையே போட்டிருக்கிறேன்.
ஜெனிட்டா கண்ணில் படும்.
படட்டும்.